குரோமை விட்டு ஃபயர்பாக்ஸுக்கு: சேவை மையக் கணினிகளை மாற்றும்போது எது உடையும், எப்படிச் சரிசெய்வது?

கச்சான் · தங்கச்சிமடம்

வணக்கம். மையத்துல நாலு கணினி. ரெண்டுல விண்டோஸ் 10, ஒண்ணுல 11. வர்றவங்க உட்கார்ந்து பார்க்கிறதுக்குன்னு விட்டிருக்கிற நாலாவதுல விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். எல்லாத்துலயும் குரோம்தான். விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் (உலாவியில சேர்க்கிற சின்ன நிரல்) குரோம்ல ஓடாமப் போனதுல இருந்து, படிவம் தேடுற பக்கமெல்லாம் பொய் 'டவுன்லோடு' பொத்தானா நிக்குது. வர்றவங்க அதைத்தான் அழுத்துறாங்க. அதனால ஃபயர்பாக்ஸுக்கு மாறலாம்னு முடிவு.

இங்க ஓடுற வேலை: கைரேகை வச்சு ஆதார் சரிபார்ப்பு, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கன், படகுப் பதிவு, மீனவர் நலவாரிய விண்ணப்பம், பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட், சான்றிதழ் பிரிண்ட், வாட்ஸ்அப் வெப், இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்) அலை முன்னறிவிப்பு. இதுல எது ஃபயர்பாக்ஸ்ல நிக்கும், எது நிக்காது? பாஸ்வேர்டும் புக்மார்க்கும் போகாம எப்படிக் கொண்டு போறது?

---

வாடை · கீழக்கரை

தம்பி, முதல்ல ஒண்ணு. குரோமை அழிக்காதீங்க. ரெண்டும் ஒரே கணினியில பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், ஒண்ணு மற்றதைத் தொடாது. வேலையைத் தளம் தளமா ஃபயர்பாக்ஸுக்கு நகர்த்துங்க. எது நின்னுச்சோ அதை அங்கேயே விடுங்க. நிக்காததை மட்டும் குரோம்லயோ எட்ஜ்லயோ வச்சுக்கோங்க. ஒரே ராத்திரியில எல்லாத்தையும் மாத்துறவங்கதான் மறுநாள் காலையில வாடிக்கையாளரை வாசல்ல நிறுத்தி வச்சுட்டு முழிக்கிறாங்க.

காலமும் முக்கியம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். படகு இறங்குற அந்த ஜூன் வாரத்துல காகித வேலை குவியும். அப்ப கை வைக்காதீங்க. மே மாசத்துல ஆரம்பிச்சா, எது உடையுதுன்னு பார்க்க நேரம் இருக்கும்.

யூபிளாக் ஏன் நின்னுச்சுங்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. எக்ஸ்டென்ஷன் எழுதுறதுக்கான விதித் தொகுப்பு மேனிஃபெஸ்ட். அதோட 2ஆம் பதிப்புல, பக்கம் அனுப்புற ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே நிறுத்திப் பார்த்து 'வேண்டாம்'னு சொல்ல முடியும். 3ஆம் பதிப்புல குரோம் அந்த உரிமையை எடுத்துட்டுது. எக்ஸ்டென்ஷன் ஒரு பட்டியலை முன்கூட்டியே கொடுத்துடணும், தடுக்கிற வேலையை உலாவியே செய்யும். 2025ல வந்த குரோம் 138தான் பழைய பதிப்பை நிறுவனக் கொள்கை வழியாவது ஓட்ட விட்ட கடைசி வெளியீடு. 139ல அதுவும் போயிருச்சு. ஃபயர்பாக்ஸ் ரெண்டு பதிப்பையும் வச்சிருக்கு, கோரிக்கையை நிறுத்துற உரிமையையும் எடுக்கலை. அதனால அங்க முழு யூபிளாக் ஆரிஜின் ஓடுது.

---

உப்பளம் · தொண்டி

இதுக்காக உலாவியையே மாத்தணுமா? குரோம்லயே யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கு. அது போதலைன்னா பிரேவ் உலாவி போடுங்க. குரோமோட அதே என்ஜின், தளம் உடையுமோங்கிற பயமே வேண்டாம். விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கு, எக்ஸ்டென்ஷன் எதுவும் தேவையில்லை. ஃபயர்பாக்ஸ்ல போய் 'இந்தத் தளம் குரோமில் மட்டும்' அப்படிங்கிற பலகையைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

---

வாடை · கீழக்கரை

லைட் மோசமில்லை அண்ணே. வீட்டுக் கணினிக்குத் தாராளமாப் போதும். ஆனா அதோட தடுப்புப் பட்டியல் எக்ஸ்டென்ஷன் புதுப்பிக்கப்படும்போதுதான் புதுசாகும். போலிப் பொத்தான் வைக்கிறவன் முகவரியை அடிக்கடி மாத்துறான். முழு யூபிளாக் பட்டியலைத் தானே இறக்கிப் புதுப்பிச்சுக்கும், எந்த நேரமும் 'அப்டேட் நௌ' கொடுக்கலாம். சேவை மையத்துக்கு அந்த வித்தியாசம் பெருசு.

பிரேவ் நல்ல மாற்றுதான், மறுக்கலை. ஒரு இடம் மட்டும் கவனிக்கணும். வெளித்தளம் உங்க கணினிக்குள்ள ஓடுற சேவையோட பேச முயன்றா பிரேவ் இயல்பாகவே மறிக்கும். கைரேகைக் கருவி வேலை செய்றதே அந்த வழியிலதான். அனுமதி கொடுக்கலாம், ஆனா எங்கேன்னு தெரிஞ்சிருக்கணும்.

---

கொண்டல் · மண்டபம்

பாஸ்வேர்டு விஷயத்தை நான் சொல்றேன். இதுல அவசரப்பட்டாத்தான் இழப்பு.

ஃபயர்பாக்ஸ்ல 'இம்போர்ட் பிரவுசர் டேட்டா' இருக்கு. செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில. அதுல குரோமைத் தேர்ந்தெடுத்தா புக்மார்க், ஹிஸ்டரி, நிரப்பிய படிவ விவரம் வரும். இறக்குறதுக்கு முன்னாடி குரோமை முழுசா மூடணும். டாஸ்க் மேனேஜர்லயும் பாருங்க, பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். திறந்திருந்தா தரவுக் கோப்பு பூட்டிக் கிடக்கும், பாதிதான் வரும்.

பாஸ்வேர்டை அந்த வழியில நம்பாதீங்க. குரோம் 127ல இருந்து விண்டோஸ்ல சேமிச்ச தரவை வேற நிரல் படிக்க முடியாதபடி பூட்ட ஆரம்பிச்சாங்க. முதல்ல குக்கீ (உள்நுழைஞ்சதைத் தளம் நினைவு வைக்கிற சின்னத் தரவு), பிறகு மத்தது. தகவல் திருடுற வைரஸைத் தடுக்கத்தான் அது, நல்ல காரியம். ஆனா ஃபயர்பாக்ஸும் அதே கதவுக்கு வெளியேதான் நிக்குது. அதனால சிஎஸ்வி கோப்பா (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச எழுத்துக் கோப்பு) எடுத்துத்தான் போகணும்.

குரோம்ல கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, செட்டிங்ஸ்ல 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' அழுத்துங்க. விண்டோஸ் பின் கேட்கும், கொடுத்தா கோப்பு இறங்கும். பிறகு ஃபயர்பாக்ஸ் முகவரிப் பட்டையில 'அபௌட்', முக்காற்புள்ளி, 'லாகின்ஸ்' மூணையும் இடைவெளி இல்லாம ஆங்கிலத்துல தட்டுங்க. வலது மேல் மூலையில மூணு புள்ளி, 'இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்'. முடிஞ்சதும் எத்தனை புதுசா சேர்ந்துச்சு, எத்தனை இரட்டிப்பு, எத்தனை பிழைன்னு கணக்குக் காட்டும். அதைப் பார்க்காம மூடாதீங்க. ஆண்ட்ராய்டு ஆப் பெயர்ல சேமிச்ச வரிகள் டெஸ்க்டாப்புல உதவாது, அதை விட்டுடலாம்.

அந்த சிஎஸ்வியை எக்செல்ல திறந்து சேமிக்கவே கூடாது. 0ல தொடங்குற பாஸ்வேர்டோட முதல் 0 காணாமப் போகும். நீளமான எண் எல்லாம் சுருங்கி வேற வடிவத்துக்கு மாறிடும். சமக்குறியிலயோ கூட்டல் குறியிலயோ தொடங்குறதைச் சூத்திரம்னு எடுத்துக்கும். பார்த்தே ஆகணும்னா நோட்பேடுல பாருங்க.

அந்தக் கோப்புல எல்லா பாஸ்வேர்டும் திறந்த எழுத்தாக் கிடக்கு. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசையுற ஃபோல்டர்ல இறக்காதீங்க. வேலை முடிஞ்ச கையோட ஷிஃப்ட் டெலீட். டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இன்னொரு நகல் இருக்கான்னும் பாருங்க. அடுத்து குரோம்ல சேமிச்சிருக்கிறதை அழிக்கணும். இல்லைன்னா பூட்டு ரெண்டு, சாவி ஒண்ணு வெளியே.

---

பவளம் · ஏர்வாடி

கொண்டல் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. குக்கீ வராது. அதாவது எல்லாத் தளத்துலயும் மறுபடி உள்நுழையணும். ஓடிபி வர்ற கைபேசி எண் யார்கிட்ட இருக்குன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மையத்துக் கணக்குகள்ல பழைய ஊழியர் எண்ணு கொடுத்திருந்தா அன்னைக்குத்தான் தெரியவரும்.

புக்மார்க்கைத் தனியா எடுக்கணும்னா, குரோம்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ, மூணு புள்ளி, எக்ஸ்போர்ட். ஹெச்டிஎம்எல் கோப்பு வரும். ஃபயர்பாக்ஸ்லயும் அதே கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ, லைப்ரரி திறக்கும், 'இம்போர்ட் அண்ட் பேக்கப்'. அங்க ஹெச்டிஎம்எல் வழி இருக்கிறதோட சேர்க்கும். 'ரீஸ்டோர்' அப்படிங்கிற ஜேசன் கோப்பு வழி இருக்கிறதை அழிச்சுட்டுப் புதுசா வைக்கும். மாத்தி அழுத்திடாதீங்க.

---

சோழகம் · ராமநாதபுரம்

டோக்கனும் கைரேகையும்தான் இந்த இழையில கஷ்டமான பகுதி. கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

குரோமும் எட்ஜும் விண்டோஸ்ல நிறுவிய ரூட் சான்றிதழை (மத்த சான்றிதழ்களை நம்புறதுக்கு அடிப்படையான சான்றிதழ்) ஏத்துக்கும். ஃபயர்பாக்ஸ் தனக்குன்னு ஒரு பெட்டி வச்சிருக்கு. ஃபயர்பாக்ஸ் 120ல இருந்து விண்டோஸ்ல நாம சேர்த்த ரூட் சான்றிதழையும் இயல்பாகவே நம்பும். பழைய 115 நீண்டகாலப் பதிப்புல அது அணைஞ்சிருக்கும். அபௌட் கான்ஃபிக் பக்கத்துல (அபௌட் லாகின்ஸ் மாதிரியே முகவரிப் பட்டையில தட்டுறது) 'செக்யூரிட்டி, என்டர்பிரைஸ் ரூட்ஸ், எனேபிள்டு' என்ற வரியைத் தேடி 'ட்ரூ' ஆக்கணும்.

டோக்கனுக்குள்ள இருக்கிற தனிச் சான்றிதழ் வேற விஷயம். ஃபயர்பாக்ஸ் 90க்கு மேல விண்டோஸ் சான்றிதழ்க் கிடங்குல தெரியுறதைத் தானே எடுத்துக்கும். தெரியலைன்னா செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அடியில 'சர்டிஃபிகேட்ஸ்', 'செக்யூரிட்டி டிவைசஸ்', 'லோட்'. டோக்கன் டிரைவரோட வந்த பிகேசிஎஸ் 11 டிஎல்எல் கோப்பை (உலாவி டோக்கனோட பேச உதவுற கோப்பு) காட்டணும். இங்க வழக்கமா சறுக்குறது பிட் கணக்கு. 64 பிட் ஃபயர்பாக்ஸுக்கு 64 பிட் டிஎல்எல் வேணும். 32ஐக் கொடுத்தா 'மாட்யூல் சேர்க்க முடியவில்லை' என்பதோட நிறுத்திக்கும், காரணம் சொல்லாது.

ஜிஎஸ்டி வழி இதைவிட எளிது. அங்க உலாவி டோக்கனைத் தொடுறதே இல்லை. எம்சைனர் அப்படிங்கிற சின்ன நிரல் உங்க கணினியிலயே 1585ஆம் போர்ட்ல (நிரல் பேசுறதுக்கான எண் போட்ட வாசல்) உட்கார்ந்திருக்கும், தளம் அதோட பேசும். அது கொடுக்கிற சான்றிதழ் தானே கையெழுத்திட்டது, ஃபயர்பாக்ஸ் நம்பாது. எம்சைனரை அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுங்க. புது டேப்ல ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1:1585 திறங்க. 127.0.0.1னா உங்க கணினியேதான். 'அட்வான்ஸ்டு', 'அக்செப்ட் தி ரிஸ்க் அண்ட் கன்டினியூ' கொடுங்க. பிறகு ஜிஎஸ்டி பக்கத்தைப் புதுப்பிங்க. இந்த அனுமதி அந்தப் புரொஃபைலுக்கு (ஃபயர்பாக்ஸ் உங்க அமைப்பையும் தரவையும் வச்சிருக்கிற தொகுப்பு) மட்டும்தான். பிரைவேட் விண்டோவுல கொடுத்தா நிலைக்காது. இந்த மாதிரி 'ரிஸ்க்' அனுமதியை 127.0.0.1க்கு மட்டும் கொடுக்கலாம். வெளித்தளம் எதுக்கும் கொடுக்கக் கூடாது, அது வங்கித் தளமாவே இருந்தாலும்.

கைரேகைக் கருவியும் இப்படித்தான். கருவிக்கான ஆர்டி சர்வீஸ் நிரல் 127.0.0.1ல 11100 முதல் 11120 வரைக்குள்ள ஒரு போர்ட்ல இருக்கும். தளம் ஒவ்வொரு போர்ட்டாத் தட்டிப் பார்த்துத் தேடும். 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்'னு வந்தா, கருவியைக் கழட்டி மாட்டுறதுக்கு முன்னாடி மூணு இடம் பாருங்க. ஒண்ணு, விண்டோஸ் சர்வீசஸ் பட்டியல்ல அந்த ஆர்டி சர்வீஸ் 'ரன்னிங்' நிலையில இருக்கா. ரெண்டு, யூபிளாக் ஃபில்டர் பட்டியல்ல 'பிளாக் அவுட்சைடர் இன்ட்ரூஷன் இன்டு லேன்' அப்படிங்கிறதை யாராவது டிக் பண்ணியிருக்காங்களா. இயல்பா அது அணைஞ்சுதான் இருக்கும். 'எல்லாத்தையும் போட்டா இன்னும் பாதுகாப்பு'ன்னு நினைச்சு டிக் போடுறவங்க உண்டு, கைரேகை அத்தோட நின்னுடும். மூணு, தளம் ஹெச்டிடிபிஎஸ் வழியாத் தேடுதுன்னா மேலே சொன்ன அதே சான்றிதழ் அனுமதி.

இந்தச் சிக்கல் ஃபயர்பாக்ஸுக்கு மட்டும் உரியதில்லை. குரோம் 142ல இருந்து உள் வலையமைப்பைத் தொடுறதுக்குத் தனி அனுமதி கேட்கும். 'பிளாக்' அழுத்திட்டா அங்கேயும் கருவி தெரியாது. முகவரிக்கு இடப்பக்கக் குறியை அழுத்தி அனுமதியை மாத்தணும்.

---

உப்பளம் · தொண்டி

சோழகம், இது தெளிவு. கேட்கிறேன்: யூஎஸ்பியை உலாவியே நேரடியாத் தொடுற தளங்கள்? லேபிள் பிரிண்டர், சின்ன மின்னணுப் பலகைக்கு நிரல் ஏத்துறது மாதிரி?

---

சோழகம் · ராமநாதபுரம்

வெப்யூஎஸ்பி ஃபயர்பாக்ஸ்ல இல்லை, பாதுகாப்பு காரணமா வேண்டாம்னு வச்சிருக்காங்க. அந்த வேலைக்குக் குரோம் அல்லது எட்ஜ்தான். வாடை சொன்ன 'குரோமை அழிக்காதீங்க' இதுக்கும் பொருந்தும்.

'குரோமில் மட்டும்' பலகைக்கு: பல தளம் உலாவியோட பெயரை மட்டும் பார்த்து விரட்டும், உள்ளே நல்லாவே ஓடும். குரோம் மாஸ்க்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் குரோம்னு பெயர் சொல்லும். எல்லாத் தளத்துக்கும் போடாதீங்க, சரியா ஓடுறதும் கெடும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்கிற பழைய அரசுப் பக்கத்துக்கு எட்ஜோட ஐஇ மோடு. அதுல சேர்க்கிற தளம் 30 நாள்ல காலாவதியாகும், மறுபடி சேர்க்கணும். திடீர்னு வேலை செய்யலைன்னா முதல்ல அதைப் பாருங்க.

---

கச்சான் · தங்கச்சிமடம்

ரொம்ப நன்றி. சோழகம் அண்ணே சொன்ன 1585 அனுமதி கொடுத்ததும் கையெழுத்து ஓடிருச்சு. பணம் கட்டுற இடத்துல மட்டும் ஒரு தளம் வெள்ளையா நிக்குது. அந்த விண்டோஸ் 7 கணினிக்கு என்ன செய்யலாம்?

---

கொண்டல் · மண்டபம்

வெள்ளைப் பக்கத்துக்கு: முகவரிப் பட்டையில கேடயக் குறி இருக்கும். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் டிராக்கிங் பாதுகாப்பை அணைங்க. தளத்துல இருந்து கட்டண வாசலுக்கும், அங்கிருந்து வங்கிக்கும் தாவும்போது ஒண்ணோட குக்கீயை இன்னொண்ணு படிக்க முயலும். ஃபயர்பாக்ஸ் 2022 ஜூன்ல இருந்து ஒவ்வொரு தளத்துக் குக்கீயையும் தனித்தனிப் பெட்டியில பூட்டி வைக்குது. பழைய முறையில எழுதின கட்டணப் பக்கம் அதுல தடுக்கி விழும். அடுத்து பாப்-அப். மேலே ஒரு பட்டை வந்து 'தடுக்கப்பட்டது'ன்னு சொல்லும், அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுங்க. இதுக்கும் சரியாகலைன்னா யூபிளாக்கோட பெரிய பவர் பொத்தான், அதுவும் அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அணையும். மூணையும் ஒரே நேரத்துல அணைக்காதீங்க. எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. பணம் கழிஞ்சு பக்கம் நின்னா, மறுபடி கட்டுறதுக்கு முன்னாடி பரிவர்த்தனை நிலையைப் பார்த்துட்டுத்தான்.

விண்டோஸ் 7க்குக் குரோம் 109தான் கடைசி. அது 2023 ஜனவரியில வந்தது, அதுக்கப்புறம் எதுவும் கிடையாது. ஃபயர்பாக்ஸ்ல 115 நீண்டகாலப் பதிப்பு ஓடும். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தத்தை 2024 செப்டம்பரோட நிறுத்துறதா இருந்தாங்க, பிறகு நீட்டிச்சாங்க. புது வசதி வராது. பழைய 115 கோப்பு பென்டிரைவ்ல கிடக்குன்னு அதைப் போட்டுடாதீங்க. ஃபயர்பாக்ஸுக்குள்ள இருந்த ஒரு ரூட் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்னைக்குக் காலாவதியாச்சு. 115.13க்கு முந்தினதுல ஆட்-ஆன் எல்லாம் முடங்கிடும். மொசில்லா தளத்துல இருந்து புதுசாவே இறக்குங்க. 2 ஜிபி ரேமுக்கு 32 பிட்.

அந்தக் கணினியில வங்கி வேலையே பார்க்க விடாதீங்க. உலாவி புதுசா இருந்தாலும் கீழ இருக்கிற விண்டோஸ் ஓட்டையாத்தான் இருக்கு. கணினி இன்னும் ஓடுறதுன்னா ஒரு இலகு லினக்ஸ் போட்டு அதுல ஃபயர்பாக்ஸ் வைக்கிறதுதான் என் கருத்து.

---

வாடை · கீழக்கரை

பழைய கணினியில இன்னொண்ணு. எல்லா ஹெச்டிடிபிஎஸ் தளமும் ஒரே நேரத்துல 'பாதுகாப்பில்லை'ன்னு சொன்னா உலாவியைத் திட்டாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் தேதி பல வருஷம் பின்னால ஓடும், சான்றிதழ் எல்லாம் 'இன்னும் செல்லுபடியாகலை' ஆயிடும். சிஆர்2032 பட்டன் பேட்டரி மாத்தினாப் போதும்.

---

பவளம் · ஏர்வாடி

பிரிண்ட். கண்ட்ரோல் பி கொடுத்ததும் 'மோர் செட்டிங்ஸ்' திறங்க. ஸ்கேல் 'ஃபிட் டு பேஜ் விட்த்'ல இருக்கும். க்யூஆர், பார்கோடு இருக்கிற சான்றிதழுக்கும் அட்டை அளவுப் பிரிண்டுக்கும் 100னு தட்டி வைங்க, இல்லைன்னா சுருங்கும். 'ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்' டிக்கை எடுத்துடுங்க, தள முகவரியும் தேதியும் சான்றிதழ் ஓரத்துல விழாது. நிறப் பின்னணி வேணும்னா 'பிரிண்ட் பேக்கிரவுண்ட்ஸ்'.

சில பழைய பக்கங்கள்ல சான்றிதழ் பக்கத்துக்குள்ள ஒரு பெட்டியா இருக்கும். முழுப் பக்கத்தைப் பிரிண்ட் கொடுத்தா பாதியில வெட்டும். அந்தப் பெட்டி மேல வலது சொடுக்கு, 'திஸ் ஃபிரேம்', 'பிரிண்ட் ஃபிரேம்'. இது குரோம்ல இல்லாத வசதி, நம்ம வேலைக்கு அருமை.

பிடிஎஃப் ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே திறக்கும். டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்துப் பச்சைக் குறி வரணும்னா அடோபி ரீடர்தான். செட்டிங்ஸ், ஜெனரல், 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியல்ல பிடிஎஃப் வரிக்கு 'சேவ் ஃபைல்' வச்சுட்டா நேரா இறங்கும்.

---

கச்சான் · தங்கச்சிமடம்

பவளம் அக்கா, ஃபிரேம் பிரிண்ட் தெரியவே தெரியாது, இத்தனை நாளும் ஸ்கிரீன்ஷாட்தான். இன்னொரு கேள்வி. வாடிக்கையாளர் கணினியில அவங்க கணக்கு தங்கிடுது. ஒருத்தர் போனதும் அடுத்தவர் திறந்தா முந்தினவர் மெயில். இதை எப்படி நிறுத்துறது?

---

சோழகம் · ராமநாதபுரம்

அதுக்குக் கொள்கைக் கோப்பு போடுங்க. ஃபயர்பாக்ஸ் நிறுவின ஃபோல்டருக்குள்ள 'டிஸ்ட்ரிப்யூஷன்' பெயர்ல ஒரு ஃபோல்டர், அதுல 'பாலிசிஸ்' பெயர்ல ஒரு ஜேசன் கோப்பு. அதுல நாலு விஷயம் எழுதினா வாடிக்கையாளர் கணினி சுத்தம்: பாஸ்வேர்டு சேமிக்கிற வசதி அணைப்பு, மூடும்போது குக்கீ, கேஷ், ஹிஸ்டரி அழிப்பு, ஃபயர்பாக்ஸ் கணக்கு அணைப்பு, யூபிளாக் கட்டாய நிறுவல். கொள்கைப் பெயர்களை மொசில்லா ஆவணத்துல இருக்கிறபடியே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாம எழுதணும். ஒரு காற்புள்ளி குறைஞ்சாலும் முழுக் கோப்பும் செயல்படாது. அபௌட் பாலிசிஸ் பக்கம் திறந்தா எது செயல்ல இருக்கு, எங்க பிழைன்னு காட்டும். ஒரு தடவை சரியா எழுதிட்டா பென்டிரைவ்ல எல்லாக் கணினிக்கும் நகலெடுக்கலாம்.

மூடினாத்தான் அழியும், அதை மறக்காதீங்க. ஒருத்தர் எழுந்ததும் விண்டோவை மூடுற பழக்கம் மையத்துல இருக்கணும்.

உங்க வேலைக் கணினியில பாஸ்வேர்டு சேமிக்கிறதா இருந்தா 'பிரைமரி பாஸ்வேர்டு' கட்டாயம் போடுங்க. பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில இருக்கு. அது திறந்தா ஃபயர்பாக்ஸ் மூடுற வரைக்கும் திறந்தே இருக்கும். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் எல் அழுத்திப் பூட்டணும்.

---

வாடை · கீழக்கரை

வேலைக் கணினிக்கு மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் ஆட்-ஆனும் போடுங்க தம்பி. ஒரே தளத்துல மையத்துக் கணக்கு ஒரு டேப்ல, வாடிக்கையாளர் கணக்கு பக்கத்து டேப்ல, நிறம் நிறமா. ஒண்ணுல வெளியேறினா மற்றது கலையாது. இங்க கீழக்கரையில ஒரே வீட்டுல நாலு பேருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் வரும், இது இல்லாம ஒவ்வொருத்தருக்கும் வெளியேறி உள்ளே போகணும்.

---

கச்சான் · தங்கச்சிமடம்

கன்டெய்னர் போட்டாச்சு வாடை காக்கா, நல்லா இருக்கு. வாட்ஸ்அப் வெப் தினமும் க்யூஆர் கேட்குது. காற்று வரைபடப் பக்கம் ஒரு கணினியில மட்டும் கறுப்பா வருது.

---

கொண்டல் · மண்டபம்

மூடும்போது குக்கீ அழிக்கிற டிக் உங்க வேலைக் கணினியிலயும் இருக்கு. அதுக்குப் பக்கத்துல 'மேனேஜ் எக்செப்ஷன்ஸ்', வாட்ஸ்அப் வெப் முகவரியைச் சேர்த்து 'அலோ'. ஹிஸ்டரி பகுதியில 'நெவர் ரிமெம்பர்' வச்சிருந்தா இந்த விதிவிலக்கு செல்லாது, அதை முதல்ல மாத்துங்க. இணைச்ச கருவி நாலு வரைக்கும்தான். கைபேசி 14 நாள் பயன்படுத்தாம கிடந்தாலும் தானே கழண்டுக்கும். கடலுக்குப் போறவர் கைபேசியை வீட்டுல வச்சுட்டுப் போனா இது நடக்கும்.

கறுப்பு வரைபடம் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர். அபௌட் சப்போர்ட் பக்கத்துல 'கிராபிக்ஸ்' பகுதியில வெப்ஜிஎல் (பக்கத்துல அசையுற படம் வரையுற வசதி) வரியைப் பாருங்க. 'பிளாக்டு'ன்னு இருந்தா டிரைவரைப் புதுப்பிங்க. அப்புறமும் வரலைன்னா ஜெனரல், 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைச்சுப் பாருங்க. மெதுவா வரும், ஆனா வரும். அலை எச்சரிக்கையை மட்டும் பார்க்கணும்னா அசையுற வரைபடமே வேண்டாம். இன்காய்ஸ் எழுத்தா வெளியிடுற எச்சரிக்கைப் பக்கத்தையே புக்மார்க் வைங்க.

---

பவளம் · ஏர்வாடி

கரையில சிக்னல் ஒரு கோட்டுல நிக்கிற இடத்துக்கு இது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்லயும் யூபிளாக் ஓடும். அதோட செட்டிங்ஸ்ல 'பிளாக் மீடியா எலிமென்ட்ஸ் லார்ஜர் தேன் 50 கேபி' இருக்கு. டிக் போட்டா பெரிய படம், வீடியோ எதுவும் இறங்காது, வேணுங்கிற படத்தைத் தொட்டா அது மட்டும் வரும். வானிலைச் செய்தி எழுத்தா உடனே வந்துடும். குரோம்ல இருந்த லைட் மோடை 2022 மார்ச்ல எடுத்துட்டாங்க. ஓபரா மினியும் தரவைச் சுருக்கும்தான். ஆனா அதோட உச்சச் சுருக்கத்துல பக்கம் அவங்க சர்வர்ல உருவாகித்தான் நம்மகிட்ட வருது. வங்கியோ ஆதாரோ அதுல திறக்க வேண்டாம்.

---

கச்சான் · தங்கச்சிமடம்

கடைசியா ஒண்ணு. கரண்ட் போனதுல ஒரு கணினியில புக்மார்க் எல்லாம் காணோம். ஃபயர்பாக்ஸ் கணக்கு போட்டு வச்சா இது நடக்காதா?

---

சோழகம் · ராமநாதபுரம்

முதல்ல புக்மார்க்கை மீட்டுடலாம். அபௌட் சப்போர்ட் பக்கத்துல கீழ 'பிளேசஸ் டேட்டாபேஸ்', 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' அழுத்துங்க. சரியாகலைன்னா லைப்ரரி திறந்து 'இம்போர்ட் அண்ட் பேக்கப்', 'ரீஸ்டோர்'. ஃபயர்பாக்ஸ் தானே தேதி போட்டு 15 நகல் வரைக்கும் வச்சிருக்கும். கரண்ட் போனதுக்கு முந்தின தேதியை எடுங்க. பவளம் சொன்னதுதான், ரீஸ்டோர் இப்ப இருக்கிறதை அழிக்கும். அதுக்கப்புறம் சேர்த்த புக்மார்க் இருந்தா முதல்ல அதை ஹெச்டிஎம்எல்லா எடுத்து வச்சுக்கோங்க.

ஃபயர்பாக்ஸ் கணக்கு வழியா கணினிகளை ஒத்திசையுற சிங்க் நல்லது, ஆனா அது காப்பு நகல் இல்லை. ஒரு கணினியில அழிஞ்சா அந்த அழிப்பும் மற்றதுக்குப் போகும். தரவு உங்க பாஸ்வேர்டு வழியாத்தான் பூட்டப்படுது, மொசில்லாவால திறக்க முடியாது. பாஸ்வேர்டை மறந்து மாத்தினா சர்வர்ல இருக்கிறது போயிடும். கணக்கு தொடங்கின அன்னைக்கே 'அக்கவுண்ட் ரெகவரி கீ' எடுத்துத் தாள்ல பிரிண்ட் போட்டு வைங்க.

உண்மையான காப்பு நகலுக்கு ஃபயர்பாக்ஸை மூடிட்டு முழுப் புரொஃபைல் ஃபோல்டரையும் பென்டிரைவ்ல எடுங்க. அபௌட் புரொஃபைல்ஸ் பக்கத்துல 'ரூட் டைரக்டரி' வரிக்குப் பக்கத்துப் பொத்தான் நேரா அங்க கொண்டு போகும். பாஸ்வேர்டு ரெண்டு கோப்புல இருக்கு, லாகின்ஸ் ஜேசன், கீ4 டிபி. ஒண்ணை மட்டும் எடுத்தா மற்றது இல்லாமத் திறக்காது. பிரைமரி பாஸ்வேர்டு போடாத புரொஃபைலை எடுத்தீங்கன்னா அந்தப் பென்டிரைவே மையத்துச் சாவி, மேசை மேல போட்டு வைக்காதீங்க.